படகு தண்ணீருக்கடியில் இருக்கிறது

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது.

கால்வாயில் படகைக் காணோமென்று பதறாதீர்கள். நான்தான் தண்ணீர் நிரப்பி மூழ்கடித்தேன். வாங்க வருகிறவருக்குப் பளபளவென்று காட்ட ஒரு வாரம் கரையேற்றி மெருகு போட்டீர்களே, வெயிலில் பலகையெல்லாம் காய்ந்து இடைவெளி விட்டுவிட்டது. ஊறினால்தான் மரம் உப்பி மூடிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாததா? விற்கிற அவசரம்!

உங்கள் முழங்கால் வலிக்காகத்தான் சம்மதித்தேன். பேச்சு மாற மாட்டேன். ஆனால் கண்டவர் கையில் கொடுக்க விடமாட்டேன்.

வருகிறவரை நேரே கரைக்குக் கூட்டிப்போங்கள். "ஐயோ, முங்கிப்போச்சே!" என்று அலறினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். "நல்லா ஊறிடுச்சா?" என்று கேட்டால் அவருக்கே கொடுங்கள்.

பி.கு.: துடுப்பைத் தேடாதீர்கள், என்னோடு வருகிறது. படகை விற்கத்தான் தலையாட்டினேன்.