செத்தவர்கள் நிற்கும் வரிசை

உன் ஹெட்ஃபோனின் காது மெத்தையில் இன்னும் உன் தலை எண்ணெய் வாசனை இருக்கிறது. என்னுடையதில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்று மத்தியானம் உன்னுடையதை எடுத்து மாட்டினேன். வெளியே திலக் நகர் முழுக்க மழை. வீட்டில் நான் மட்டும். மாட்டியதும் நீ உன் தலையை என் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்பது போல இருந்தது. எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. அதை வைத்து நீ என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. இருந்தாலும் எழுந்து போய் ஹால் லைட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நம் கம்ப்யூட்டர் கேமை நாளைக்குப் போட்டிக்கு ஒப்படைக்க வேண்டும். நீ, நான், பாண்டுப்பில் இருந்துகொண்டு படம் வரையும் முருகன் என்று மூன்று பேரும் வேலைக்குப் போன நேரம் போக மிச்ச நேரத்தில் கட்டிய ஊர். கடல் ஏறி வரும் ஒரு சின்ன ஊர். ஊரைக் காலி செய்வதா, அங்கேயே இருப்பதா என்று ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும். விளையாடுகிறவர்தான் தேர்தல் அதிகாரி. வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். அவர் எடுக்கிற முடிவுகளால் நடுவில் சிலர் செத்தும் போவார்கள். அந்த மனிதர்களுக்குப் பேச்சும் குணமும் கொடுத்தது நீ. அவர்களை நடக்க வைத்தது நான் எழுதிய புரோகிராம்.

செத்தவர்களும் தேர்தல் அன்று வரிசையில் வந்து நிற்க வேண்டும், அவர்கள் ஓட்டையும் எண்ண வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, என்னத்துக்குச் சிரிக்க? எங்க தாத்தா செத்த பொறவுதான் ஒரு எலெக்‌ஷன் விடாம ஓட்டுப் போடுதாரு," என்றாய்.

பிறகு உன் முகம் மாறிவிட்டது. தாராவியில் உன் வீட்டு மாடி அறை. கீழே தையல் பட்டறை. மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீ சொன்னாய்: "உசுரோட இருக்கவள பேசி மாத்திரலாம், பயங்காட்டி மாத்திரலாம். செத்தவள ஒண்ணும் செய்ய முடியாது. அவ கடைசியா என்ன நெனச்சாளோ அதுதான். அந்த ஓட்டுதான்ட்டி சுத்தமான ஓட்டு."

"அதனாலதான் வேண்டாங்கறேன்," என்றேன். "மனசு மாற முடியாதவங்க கையில நாளைக்கு இருக்கப்போற ஊரைக் குடுப்பாங்களா? முழுகப்போறது அவங்களா, நாமளா?"

"வெளையாடுதவன் எடுத்த முடிவுலதான அவ செத்திருக்கா. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லையா?"

தேநீர் ஆறியதுதான் மிச்சம். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஆனாலும் உன் பிடிவாதத்தைப் பார், முடிவாவதற்கு முன்பே ஒலிப்பதிவை ஆரம்பித்துவிட்டாய். வரிசையில் செத்தவர்கள் பேசக் கூடாது, ஆனால் நிற்கிற சத்தம் வேண்டும் என்றாய். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக்கைச் சுற்றிப் போர்வையைக் கட்டினோம். நீ மைக்குக்குப் பக்கத்தில் வெறுமனே மூச்சு விட்டாய். நானும் வேர்த்து வழிய அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே மெஷின்கள் மட்டும் நிற்கவே இல்லை. பதிவு கெட்டுவிட்டது என்று சொன்னேன். "கெடக்கட்டும், அடியில கடல் வருதுன்னு நெனச்சுக்கிடுவாங்க," என்றாய்.

எந்தத் தகராறையும் போல இதையும் நம் வாட்ஸாப் குரூப்பில் ஓட்டுக்கு விட்டோம். மூன்று பேர், மூன்று ஓட்டு. யாராவது போடாமல் சமமாகிவிட்டால் அந்த யோசனை குப்பைக்கு. நீ 'வேண்டும்' என்றாய், நான் 'வேண்டாம்' என்றேன். முருகன் யோசிக்கிறேன் என்றான். அதே வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. குரூப்பைத் திறக்கும்போதெல்லாம் 'வேண்டும்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் உன் முகம் சின்ன வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். நான் பார்க்காமல் தாண்டிப் போவேன்.

இன்று காலை முருகன் ஓட்டுப் போட்டான். 'வேண்டும்'. உடனே போனும் செய்தான். "நான் போட்டுட்டேன். அவ ஓட்டு சலேகா க்யா? செல்லுமா? நீயே சொல்லு."

உன் ஓட்டு செல்லும் என்றால் இரண்டுக்கு ஒன்று, நீ ஜெயித்தாய். செல்லாது என்றால் ஒன்றுக்கு ஒன்று; யோசனை குப்பைக்கு. கேமில் செத்தவர்களுக்கு ஓட்டு உண்டா என்று முடிவு செய்வதற்கு முன்னால் செத்துப்போன உனக்கு ஓட்டு உண்டா என்று நான் சொல்ல வேண்டும். நன்றாக மாட்டிவிட்டுப் போனாய், படுபாவி.

உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று, நீ முன்கூட்டியே சேர்த்துவைத்திருந்த, செத்தவர்களைக் கொண்டுவரும் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தேர்தல் நாள். பள்ளிக்கூட வராந்தா. உயிரோடு இருப்பவர்கள் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். வராந்தா காலியானது. அப்போது ஹெட்ஃபோனில் மூச்சு கேட்டது.

யாரும் இல்லை. ஆனால் யாரோ நிற்கிற சத்தம். அடியில் அந்த அதிர்வு. ஹெட்ஃபோனைக் கழற்றக்கூடப் பயமாக இருந்தது, கழற்றினாலும் கேட்டால் என்ன செய்வது? ஒருவழியாகக் கேமின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நீ அந்தச் சத்தத்தை மனிதர்களோடு சேர்க்கவில்லை, வராந்தாவோடு சேர்த்திருந்தாய். ஆட்களை எடுத்தாலும் அது போகாது. காரணம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. திரும்பக் கேட்டேன். மூச்சு ஒன்றல்ல, இரண்டு. உன்னுடையதுக்குச் சற்றுத் தள்ளி, கொஞ்சம் வேகமாக, இன்னொன்று. அது நான். அன்றைக்கு அந்த அறையில் உன்னோடு உட்கார்ந்திருந்த நான், செத்தவர்களின் வரிசையில் உனக்குப் பின்னால் நிற்கிறேன்.

எடுத்த பகுதியைத் திரும்ப வைத்தேன். வந்தார்கள். மீன்காரி, படகுக்காரன், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள். பக்கத்தில் வருகிறவரைத் திரும்பிப் பார்க்கும்படி எழுதியிருந்தது நான்தான். அதன்படி எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காலி வராந்தாவைவிட அது எவ்வளவோ தேவலையாக இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட்டார்கள். நீ இல்லாமல் இந்த ஊரை எப்படி முடிப்பேன் என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

முருகனுக்குச் சொல்லிவிட்டேன், உன் ஓட்டு செல்லும் என்று. இரண்டுக்கு ஒன்று. நாளைக்குக் கேம் நீ சொன்னபடியேதான் போகிறது.

"அப்ப நீயும் மாத்திக்கிட்டியா?" என்று கேட்டான்.

இல்லை. என் 'வேண்டாம்' அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு வாழப்போகிறவர்கள் கையில்தான் ஊர் இருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன், நீ சொன்னது தப்பு என்றும் சொல்கிறேன். மாற்றிக்கொண்டால் நம் சண்டை தீர்ந்துவிடும். அப்புறம் உன்னிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது, சொல்லு.