மூன்றாம் நம்பர் மட்டை

6.10 திங்கள்

காலையில் மேகம். கல்வராயன் மலையில் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. 5.20 டவுன் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. கோர்ட் ஓரமெல்லாம் மழைத் தண்ணீர். தள்ளி முடிக்க அரை மணி.

புது மட்டைகள் வந்துவிட்டன. நான்கு. முருகேசன் அண்ணன் பெட்டியை என்னிடம் தராமல் தானே பிரித்தார். (கோர்ட் அவருடையது, பெருக்கித் துடைப்பது நான். இனி மு.அ.) பிக்கிள்பால் (சின்ன மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) ஆரம்பித்தபோது வாங்கிய மர மட்டைகள் ஓரம் பிளந்து கிடக்கின்றன. பன்னிரண்டு புதிது வாங்கப் போகிறார். எந்த மாதிரி என்று முடிவு செய்ய, சேலத்துக் கம்பெனி நான்கு விதத்தில் ஒவ்வொன்று ஆடிப் பார்க்கக் கொடுத்திருக்கிறது. சனிக்கிழமை அவர்கள் ஆள் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு ஆர்டர் வாங்கிப் போவார். புதன் முதல் எல்லோரும் ஆடிப் பார்ப்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

"இது நம்முளுது இல்ல பாப்பா. ஒரு கீறல் உழக் கூடாது. தொடச்சி வையி."

சரி என்று தலையாட்டினேன்.

பகல் 12 முதல் 3 வரை யாரும் வரமாட்டார்கள். மு.அ. சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் பழைய மர மட்டையால் பின்சுவரில் பந்து அடிப்பேன். மூன்று மாதமாக. யாருக்கும் தெரியாது. இன்று நான்கையும் எடுத்தேன். எடுக்கக் கூடாது என்று தெரியும்.

1. சிவப்பு. மெல்லிசு. "டக்" என்று சத்தம், ரோட்டுக்கே கேட்கும். பந்து வேகமாய்ப் போகிறது, நான் சொன்ன இடத்துக்குப் போவதில்லை. மணிக்கட்டில் அதிர்கிறது.

2. நீலம். தலை கனம். ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தேன், உடனே முன்பக்கம் கவிழ்ந்தது. லேசாகத் தொட்டாலே பந்து பறக்கிறது. பிடி தடிமன், என் விரல் சுற்றி வரவில்லை. பத்து நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே வலி.

4. வெள்ளை. எடை இருப்பதே தெரியவில்லை. நடுவில் பட்டால் சரி. ஓரத்தில் பட்டால் கையே திரும்பிவிடுகிறது.

3. கறுப்பு. கார்பன் என்றார் மு.அ. முகம் சொரசொரப்பு, தேய்ந்த உப்புத்தாள் மாதிரி. சத்தம் "பொத்" என்று அடங்கிவிடுகிறது. பந்து மட்டையில் ஒரு கணம் நின்று, எங்கே போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. அடியில் சீவி அடித்தால் சுவரில் பட்டுக் கீழே அப்படியே விழுகிறது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மணி 2.40 ஆனது தெரியவில்லை.

7.10 செவ்வாய்

வெயில். புழுக்கம். அம்மா மரவள்ளி பிடுங்கப் போனாள். ரசம், அப்பளம். அப்பா கேரளாவிலிருந்து போன் பேசினார், அங்கேயும் மழை, கட்டட வேலை இல்லை.

பகலில் மறுபடி மூன்றாம் நம்பர். மற்ற மூன்றையும் தொடவில்லை. ஒன்றரை மணி நேரம்.

பிறகுதான் பார்த்தேன். கறுப்பு முகமெல்லாம் பந்தின் மஞ்சள் தடம். வட்டம் வட்டமாக. நாளைக் காலை எல்லோரும் பார்ப்பார்கள். புது மட்டை எப்படி அழுக்காயிற்று? யார் தொட்டது? துணியால் துடைத்தேன், போகவில்லை. டீ டம்ளர் கழுவும் இடத்தில் பச்சை நார் இருந்தது. பாத்திர சோப்பு போட்டுத் தேய்த்தேன். நன்றாக அழுத்தி, இரண்டு பக்கமும். இரவல் வாங்கிய குண்டானைத் தேய்க்காமல் கொடுத்தால் அம்மா அடிக்க வருவாள், அதே மாதிரி. தடமெல்லாம் போயிற்று. பளபள. நிழலில் காயவைத்து வரிசையில் வைத்தேன். மு.அ. வந்து பார்த்துவிட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். அப்பாடா.

8.10 புதன்

காலை பெண்கள் குழு. பல் டாக்டர், காலேஜ் மேடம், தாலுகா ஆபீஸ் அக்கா, டீச்சர். நான்கு பேரும் மட்டைகளை மாற்றி மாற்றி ஆடினார்கள். வலைக்கு முன்னால் கோடு போட்ட இடத்துக்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது, அந்த இடத்துக்குக் கிச்சன் என்று பெயர். தாலுகா அக்கா இரண்டு முறை காலை வைத்துவிட்டார். "வூட்டுல கிச்சன வுட்டு வெளிய வர முடியல. இங்க வந்தா உள்ள போனா தப்புன்றீங்க" என்றார். டாக்டர் சிரித்து சிரித்து உட்கார்ந்தேவிட்டார். நானும் சிரித்தேன், திரும்பி நின்று.

நோட்டில் எழுதியது:
1: சத்தம் ஜாஸ்தி (நான்கு பேரும்).
2: பவர். ஆனால் கை வலி (டாக்டர், மேடம்).
4: பரவாயில்லை.
3: வழுக்குது (டாக்டர்). பந்து நிற்கவில்லை (டீச்சர்). பார்க்க மட்டும் அழகு (தாலுகா அக்கா).

மூன்றாம் நம்பர் வரியை எழுதும்போது கை நின்றுவிட்டது. வழுக்குதா? எது?

மாலை ஆண்கள். பேங்க் மேனேஜர் இரண்டாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு தரவேயில்லை. மூன்றை இரண்டே பந்தில் கீழே வைத்துவிட்டார். "கண்ணாடியால அடிக்கற மாதிரி இருக்குது."

அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியுமா என்ன.

9.10 வியாழன்

தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே.

பகலில் மூன்றை எடுத்தேன். சீவி அடித்தேன். பந்து சுவரில் பட்டு என் முகத்துக்கு நேரே வந்தது. இன்னொன்று. அதேதான். என் கைதான் மறந்துவிட்டது என்று நினைத்தேன். மணிக்கட்டை மாற்றிப் பார்த்தேன். இல்லை.

பிறகு கண்ணை மூடி விரலால் தடவினேன். நடுவில் வழவழ. ஓரப்பட்டைக்குப் பக்கத்தில், நார் போகாத ஒரு விரல் அகலத்தில் மட்டும் சொரசொரப்பு. நகத்தால் கீறினால் ஓரத்தில் "சர்" என்கிறது, நடுவில் சத்தமே இல்லை.

நான்தான். சொரசொரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டேன். அழுக்கு போயிற்று என்று சந்தோஷப்பட்டேனே, கூடவே போனது அது.

மூன்றாம் நம்பர் எப்படி இருந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொன்னால் பகலில் ஆடியதையும் சொல்லவேண்டும். வேலை போகும். வேலை போகாவிட்டாலும் அந்த மூன்று மணி நேரம் போகும். எது முதலில் பயமாக இருக்கிறது என்று பார்த்தேன். அந்த மூன்று மணி நேரம்.

10.10 வெள்ளி

மழை இல்லை. மலை முழுதாகத் தெரிந்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி, தைலம் வாங்கவேண்டும்.

டாக்டர் முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் நம்பரால். மு.அ. முடிவு செய்துவிட்டார். நீலமே பன்னிரண்டு. இதையே வாங்கினால் பட்டை கட்டிக்கொண்டு ஆட முடியாது, நின்றுவிடுவேன் என்று டாக்டர் சொன்னார். மு.அ. என்ன செய்வது என்றார். கறுப்புதான் கம்பெனியின் உசத்தி மாடல் என்று அந்தச் சேலத்துக்காரர் போனில் அளந்தாராம். "யாரோ ஆடிக் கடாசனத நம்ம தலையில கட்டப் பாக்கறான் மேடம். நாளைக்கி வரட்டும், கேக்கறன்."

அந்த ஆளைப் பார்த்ததுகூட இல்லை நான். நாளைக்கு வந்து என்னால் திட்டு வாங்கப் போகிறார்.

மு.அ. மேசைப் பக்கம் மூன்று முறை போனேன். முதல் முறை போன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை பேசவில்லை, நான்தான் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே கேட்டார். "இன்னா பாப்பா, இங்கியே சுத்திக்கினு கீற?"

பினாயில் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. முக்கால் பாட்டில் இருக்கிறது. அவர் எழுந்து போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்துவிட்டார்.

போன வருடம் பதினொன்றாம் வகுப்பையும் இப்படித்தான் விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லிச் சொல்லி, இரண்டு மாதத்தில் பள்ளியே இல்லாமல் போயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை.

சொல்லவேண்டியது நான்கு வார்த்தை. நான் தேய்த்தேன். நார் போட்டு. எண்ணிப் பார்த்தேன்.

11.10 சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணி. பெண்கள் ஆடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்காரர் பைக்கில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையெல்லாம் வியர்வை. உட்காரச் சொல்லாமலே மு.அ. ஆரம்பித்தார். பழைய மட்டையைக் கொடுத்து ஏமாற்றுகிறாய், உன் கம்பெனியே வேண்டாம் என்று.

அவர் மூன்றை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். அவ்வளவுதான். தெரிந்துவிட்டது.

"ஆடித் தேஞ்சா நடுவுல மட்டுந்தான் தேயும் சார். இது முழுசா தேச்சிருக்குது. யாரோ வெளக்கியிருக்காங்க."

"எங்க ஆளுங்க யாரும் அப்பிடிப் பண்ணல. நீ கத வுடாத."

"என் பொண்ணு மேல சத்தியமா புதுசுதான் சார் குடுத்தன்."

மு.அ. என்னைக் கூப்பிட்டார். நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பாப்பா, நீதான தொடச்சி வச்ச. வந்தப்பவே இப்பிடித்தான இருந்துச்சி?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. தலையாட்டினால் போதும். ஐந்து பேர் பார்க்கிறார்கள். என் தலை பாதி ஆடியும்விட்டது, அதை நானே உணர்ந்தேன். சேலத்துக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அடிபட்ட ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல.

"இல்லீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்லவேண்டியிருந்தது.

"இல்லீங்கண்ணா. நாந்தான் தேச்சன். பச்ச நாரு போட்டு."

ஏன் என்றார். பந்துத் தடம் இருந்தது என்றேன். யார் ஆடியது, புதன்தானே எடுத்தோம் என்றார். நான் என்றேன். எப்போது என்றார். பகலில். இந்த வாரமா? மூன்று மாதமாக. மு.அ. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சேலத்துக்காரர்தான் கேட்டார், மெதுவாக. "தேய்க்கறதுக்கு முன்னாடி எப்பிடிம்மா இருந்துச்சி?"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே புரியவில்லை. சொன்னேன். பந்து ஒரு கணம் நிற்பதை. சீவினால் விழுவதை. மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு ஏன் டாக்டருக்கு வலிக்கிறது, தலை எவ்வளவு கனம், பிடி பெண்கள் கைக்கு ஏன் ஆகாது, நான்கின் ஓரத்தில் பட்டால் என்ன ஆகும், எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே. இவ்வளவு நேரம் நான் பேசி யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் பைக் பெட்டியிலிருந்து இன்னொரு கறுப்பு எடுத்து வந்தார், சங்கராபுரத்தில் காட்ட வைத்திருந்தது. டாக்டர் வாங்கி ஆடினார். நான்கு பந்து. பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார், வலிக்கவில்லை என்று. திரும்பி என்னைப் பார்த்தார். "உன் பேர் என்ன?" மூன்று மாதமாகப் பாப்பாதான். பவித்ரா என்றேன். இனி அழுக்கானால் தண்ணீரே காட்டாதே, பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் என்று சேலத்துக்காரர் சொல்லிக்கொடுத்தார். கோபப்படவேயில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கறுப்பே பன்னிரண்டு.

நான் கிளம்பும்போது மு.அ. என்னைப் பார்க்காமலே, நாளைக்குக் கோர்ட் லீவு, வரவேண்டாம் என்றார். ஞாயிறு எப்போதுமே லீவுதான். அதை ஏன் சொன்னார்?

12.10 ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கீரைக் குழம்பு. சாப்பிட முடியவில்லை. ஏன் சொன்னார்?

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போனதற்குத் திட்டுவாளா, பொருளைக் கெடுத்ததற்குத் திட்டுவாளா? இரண்டுக்கும்.

பதினொரு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. மு.அ.தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மா "ஆங்... ஆங்..." என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் "யாரு, எம்பொண்ணா?" என்றாள். கடைசியில் "சரிங்க, அனுப்பறன்" என்றாள்.

அவர் சொன்னது: பகலில் இனி யாரும் மட்டையைத் தொடக் கூடாது, அலமாரியைப் பூட்டிச் சாவியை அவரே எடுத்துப் போவார். டீச்சருக்கு உளுந்தூர்பேட்டைக்கு மாற்றல். காலைக் குழுவில் நாலாவது ஆள் இல்லை. டாக்டர் என்னைக் கேட்கிறாராம். நாளைக்கு ஆறு மணிக்குள் துடைத்து முடித்துவிட்டு ஆட நிற்கவேண்டும். செருப்போடு வரக் கூடாது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடறியாடி நீ? எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

மட்டை வாங்கித் தரச் சொல்வேன் என்று நினைப்பாய் என்றேன். அதில்லை காரணம்.

"அவங்க முன்னாடி நிப்பியா? பள்ளிக்கூடத்துல நிக்க மாட்டன்னுட்டு வந்த."

தெரியவில்லை என்றேன். சுவர் என்றால் பந்து எங்கே வரும் என்று தெரியும், ஆள் என்றால் தெரியாது என்றேன். அம்மாவுக்கு இது விளங்கவில்லை. பெட்டியை இழுத்து அப்பாவின் பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்துப் போட்டாள். இரண்டு சைஸ் பெரிது. முன்னால் துணி அடைத்துப் பார்த்தேன். அடைத்தும் குதிகால் கழல்கிறது. கயிற்றை இறுக்கி, வீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நான்கு அடி வைத்துப் பார்த்தேன். திரும்ப நான்கு அடி. கழலவில்லை.

மழை நிற்கவில்லை. 5.20க்கு முந்தின பஸ் 4.50. அதில் போனால்தான் ஆறு மணிக்குள் தண்ணீர் தள்ளி முடிக்க முடியும்.