உன் மாத்திரையை நிறுத்தியவரிடம் கேட்டுவிட்டேன்

என் வடிவக்காவுக்கு,

பெரியப்பாவைச் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அக்கா. அப்படி இருக்கக் கூடாது என்கிறாள் அம்மா. என்ன செய்ய, இருக்கிறதே.

கல்லூரியில் படிக்கும்போது உனக்கு அந்த நோய் வந்தது. சில வாரம் தூக்கமே இல்லாமல் பாட்டும் சிரிப்புமாக இருப்பாய். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாய். திருநெல்வேலி டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல நீ நீயாகத் திரும்பி வந்தாய். தென்காசித் தேரோட்டத்துக்கு நான் எடுத்து வைத்திருந்த தாவணியைப் பிடுங்கி நீ கட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கு அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேறு. இலத்தூரிலிருந்து வந்து அம்மாவிடம், "மாத்திரை திங்குத பிள்ளைன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? குத்தால அருவியில தலையக் குடுத்தா எல்லாம் சரியாப் போவும்" என்றார். மாத்திரைகளைப் பிடுங்கி எறிந்தார்.

மெயின் அருவியில் உன்னைப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். மூச்சு முட்டி நீ கத்தியது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்டது? சீசன் முடியும் முன்பே உன்னை நீயே மாய்த்துக்கொண்டாய். உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களிடம் பெரியப்பா, "மஞ்சக்காமாலை" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பொய்யைக் கேட்ட கோபத்தில்தான் மூளை ஆராய்ச்சிக்குப் போனேன். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். உன்னைப் போன்றவர்கள் தரும் இரத்தத்திலிருந்து உயிரணுக்களை எடுத்து, நரம்பணுக்களாக வளர்க்கிறோம். சில ஓயாமல் துடிக்கும். லித்தியம் சேர்த்தால் அவற்றில் சில அடங்கும், சில அடங்காது. ஏன் அடங்கவில்லை, உள்ளே எந்த மூலக்கூறு முரண்டு பிடிக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. அடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். உனக்கும் அடங்கிக்கொண்டுதானே இருந்தது?

இந்த வருஷம் பெரியப்பா நம் வாசலில் வந்து நின்றார். அவர் மகன் முருகேசண்ணனும் போலீஸ்தானே. நாள்கணக்கில் தூங்காமல் ஸ்டேஷனில் ரகளை செய்திருக்கிறான்.

"ஏட்டி சிவகாமி, நல்ல டாக்டரா ஒருத்தரச் சொல்லு. வெளிய தெரிய வேண்டாம்."

நல்ல டாக்டர் ஒருவரின் நம்பரை உடனே கொடுத்தேன். அண்ணன் என்ன பாவம் செய்தான்? உனக்கு வந்த அதே நோய், அதே மாத்திரை. தேறிவிட்டான். தேறியதும் அவனிடம் உன் கதையைச் சொல்லி, "எல்லாருக்கும் முன்னால கேக்கட்டுமா?" என்றேன்.

"கேளு. நானும் கூட நிக்கேன்" என்றான்.

சீசனுக்குச் சிவகிரிச் சொந்தங்களும் குற்றாலம் வந்திருந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"பெரியப்பா, அண்ணன் மாத்திரையத் தூரப் போட்டுட்டு அருவியில நிறுத்துவமா?"

"ஏட்டி, சும்மா இரி."

"வடிவக்காவ நிறுத்துனீங்கல்லா?"

பிசைந்த சோற்றை யாரும் வாயில் வைக்கவில்லை. அண்ணன் எழுந்தான். "வடிவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. நான் மாத்திரை சாப்பிடுதேன், உசுரோட இருக்கேன். சொல்லுங்கப்பா."

பெரியப்பா இலையை மடித்தார். "மஞ்சக்காமாலை இல்ல" என்றார் கடைசியில். "மாத்திரைய நாந்தான் நிறுத்துனேன். அந்தப் பிள்ள போயிட்டு." தண்ணீருக்குக் கையை நீட்டினார். தண்ணீர்ச் செம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

புறப்படும்போது அருகில் வந்தார். "மன்னிச்சிருட்டி."

"மாட்டேன் பெரியப்பா. ஆராய்ச்சிக்கு நோய் வந்த குடும்பத்து இரத்தம் வேணும், உங்க இரத்தத்தக் குடுங்க. மனசிருந்தா மட்டும் குடுங்க."

கொடுத்தார், அக்கா. அண்ணனும் கொடுத்தான். ஊசி ஏறும்போது பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குப் போதவில்லை. எப்போதாவது போதுமா?

அவருக்கு வயதாகிவிட்டது. அவரிடம் தீர்க்க வேண்டிய கணக்கு இனி அதிகமில்லை, இந்த நோயிடம்தான் இருக்கிறது. அதன் குரல்வளையைப் பிடிக்கும் வரை ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகமாட்டேன். நான் முடிக்காமல் போனால், முடிக்கப்போகிற ஒருத்தியிடம் என் கோபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சிவகாமி