கட்டிலடிக் கம்ப்யூட்டர் நின்றது

9 ஆகஸ்ட் 2009, ஞாயிறு. அடுகோடி, பெங்களூர்.

எங்கள் குழு சேர்ந்து எழுதும் கட்டற்ற மென்பொருளில் யார் எதை மாற்றினாலும் சோதித்துச் சொல்வது என் கட்டிலடியில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்தான். அந்த வேலையை, வேறொரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் விர்ச்சுவல் மெஷின்களுக்கு மாற்றுவதற்காக வியாழனன்று அதை நிறுத்தினேன். புதியதில் ஒரு சோதனைகூட முடிவுவரை ஓடவில்லை. குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. என்ன ஆச்சு என்று ஒருவராவது திட்டி எழுதுவார் என்று மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். இன்றுவரை ஒரு வரிகூட இல்லை.

சாயங்காலம் கீழ் வீட்டு சரோஜாக்கா மாடிப்படியில் நிறுத்தினார்.

“ஏம்ப்பா, ராத்திரியெல்லாம் மேல கொர்ருன்னு சத்தம் வருமே, இப்போ காணோமே. மெஷின் கெட்டுப்போச்சா?”

“நிறுத்திட்டேன்க்கா.”

“அப்பாடா! இப்பதாம்ப்பா நிம்மதியாத் தூங்குறோம். மறுபடி போட்டுடாதே.”

விசாரித்தது அவர் ஒருவர்தான்.