தம்பிக்கு ஒரு போத்தல் மருந்து

அண்ணி,

ஜன்னலோரம் மணி பிளாண்ட் வைத்திருக்கும் பழுப்பு மருந்துப் போத்தலை இன்று காலை மருமகள் குப்பையில் போடப் பார்த்தாள். ஆங் மோ கியோ வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அவளுக்கு அது கண்ணில் உறுத்தல். நான் பிடுங்கிக்கொண்டேன். மருந்தின் அளவு காட்ட வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டி ஒட்டியிருந்த காகிதப் பட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மோந்து பார்த்தேன். மலேரியாவுக்குக் குடிக்கும் கொயினாவின் கசப்பு அடிக்கும் என்று எதற்காக எதிர்பார்த்தேனோ, பாசி வாடைதான் வந்தது.

ஜப்பான்காரன் சிங்கப்பூரை ஆண்ட காலத்தில் தேக்கா சந்துவீட்டில் நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அதில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. உங்கள் கூடப்பிறந்த தம்பி இந்திய விடுதலைப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்தான். கொழுந்தனான என் வீட்டுக்காரரையும் நீங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவீர்கள். அவர் மலேரியாவில் பல் கிட்டிக் கிடந்தார். ஆக, உங்களுக்கு ஒரு தம்பி காட்டில், ஒரு தம்பி பாயில்.

இந்தியாவை மீட்கப் புறப்பட்ட நம்மவர்கள் ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே ஒரு அரசாங்கம் அமைத்திருந்தார்கள். ‘நம்ம சர்க்கார்’ என்று சொல்லும்போதே உங்கள் முகம் மலரும். அந்தச் சர்க்கார் நம் தெருமுனையில் நடத்திய இலவச மருந்தகம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது. இருக்கிற கொயினா எல்லாம் பர்மாவுக்குப் போகிறதாம், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டதாம். எங்களுக்கு மருந்துக்குக்கூட மருந்து இல்லை.

தெரு இரண்டாகப் பிளந்தது. நாடு முதலில் என்று ஒரு கட்சி, உயிர் முதலில் என்று ஒரு கட்சி. நம் அடுப்படியிலும் அதே சண்டைதான்.

“சுவர் இருந்தாத்தான் சித்திரம், அண்ணி. இங்க இருக்கிறவங்க செத்துட்டா யாருக்கு நாடு?”

“வீடே அடுத்தவன் கையில இருக்கு. நீ சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்றியா?”

கோபத்தில் கிழங்கை அடிப்பிடிக்க விட்டேன். இரண்டு கட்சியும் அதைத்தான் தின்றோம்.

அந்த நாளில் கூட்டம் போட்டால் தலை போகும். ஆனால் வரிசையில் நிற்பதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அரிசிக்கும் உப்புக்கும் ஊரே வரிசையில்தானே நின்றது. அதனால் தெருப் பெண்கள் பேசிவைத்துக்கொண்டு, பூட்டிய மருந்தகத்தின் முன்னால் காலிப் போத்தல்களோடு வரிசை பிடித்தோம். கோஷம் கிடையாது. வீட்டுக்குப் போகவும் மாட்டோம், அவ்வளவுதான்.

எங்களைக் கலைக்க இயக்கத்துக்காரர்கள் உங்களைத்தான் அனுப்பினார்கள். சேலையில் இயக்கத்துப் பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்தீர்கள்.

“வெக்கமா இல்ல? அங்க பிள்ளைங்க காய்ச்சலோட துப்பாக்கி தூக்குறாங்க. நீங்க போத்தல் தூக்கிட்டு நிக்கிறீங்க!”

“பாயில கிடக்கிறவரு யாரு அண்ணி? உங்க தம்பி இல்லையா?” என்று நானும் கத்திவிட்டேன்.

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஜப்பான்காரன் லாரி வந்து நின்றது. சிப்பாய் ஒருவன் இறங்கினான். நீங்கள் என் கையிலிருந்த போத்தலைப் பறித்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்று, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினீர்கள். உங்கள் பின்னால் வரிசை முழுவதும் குனிந்தது. அவன் உங்கள் பேட்ஜைப் பார்த்தான், போத்தல்களைப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான்.

அத்தோடு நீங்கள் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. கதவைத் தட்டினீர்கள். கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, “நீங்களுமா அக்கா? யாருக்கு?” என்றார்.

“தம்பிக்கு” என்றீர்கள்.

உங்களுக்கு ஊற்றிவிட்டு மற்றவர்களுக்கு இல்லையென்று சொல்ல அவரால் முடியவில்லை. கட்டிய பெட்டியை அவிழ்த்தார். தீரும்வரை ஊற்றினார். நீங்கள் என் போத்தலை என் கையில் திணித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். மறுநாளே தெருவில் நின்று, “நாடு முதல்ல!” என்று பேசவும் செய்தீர்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று அன்று முதல் எனக்குக் குழப்பம்தான்.

என் வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார். சண்டை முடிந்து பர்மாவிலிருந்து திரும்பிய ஒருவர் நம் வீடு தேடி வந்தார். உங்கள் தம்பியைக் குண்டு கொல்லவில்லை, காய்ச்சல்தான் கொண்டுபோனது என்றார். கடைசிவரை கொயினா வரும் வரும் என்று காத்திருந்தானாம். நீங்கள் அழவில்லை. ராத்திரி என் வீட்டுக்காரர் தட்டில் சோறு போட்டு, “இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க தம்பி” என்றீர்கள். அந்தப் பெட்டி போயிருந்தால் அவன் கைக்குச் சேர்ந்திருக்குமா, வழியில் வேறு யாராவது குடித்திருப்பார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரிதானே, அண்ணி? இரண்டும் சரியாக இருந்தும் ஒருவன் செத்துத்தானே போனான்?

உங்களிடம் ஒருநாளும் இதைக் கேட்கத் துணிவு வரவில்லை. போன வருஷம் கடைசி நாள்களில், ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியபோது என் கையைப் பிடித்தீர்கள். “தம்பிக்கு மருந்து குடுத்தியா?” என்றீர்கள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

“குடுத்துட்டேன் அண்ணி” என்றேன். எந்தத் தம்பிக்கு என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போத்தலைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, கொடியைத் திரும்ப வைத்துவிட்டேன். “இது யாரோடது, அத்தை?” என்று மருமகள் கேட்டாள். “தம்பியோடது” என்றேன்.