உன் அப்பாவை உடனே கூப்பிட்டுக்கொள்

அன்புள்ள மருமகளுக்கு உன் மாமா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் சுகம். என் சுகத்தைக் கேட்கவே வேண்டாம். போன வாரம் டயர் கடை மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன், கீழே கடைக்காரர் அசந்துபோய்க் கைதட்டினார். அவர் டயரைத்தான் தட்டினார் என்பாள் உன் அத்தை. நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவை உடனே அங்கே கூப்பிட்டுக்கொள். சில மாதங்களாவது வைத்துக்கொள். பேத்தியைப் பார்க்காமல் மனிதர் உருகிப்போய்விட்டார். அவர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவர்?

டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் நான் யோகா வகுப்பு நடத்துவது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்னைத் தாங்கப் பள்ளிக்கூடத்துக்குச் சக்தி இல்லாமல் போனாலும், யோகாவில் நான் கரை கண்டவன். நான் ஒற்றைக்காலில் நின்றால் சுவர்க்கடிகாரமே நின்று பார்க்கும். அந்த வகுப்பில் கடைசி வரிசையில் சுவரோரம் இருந்தவர் உன் அப்பா. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து, குனிந்து காலுறை போட முடியாத உடம்பு. பாவப்பட்டு, "மச்சான், நீங்க எதையும் வளைக்க வேணாம். மூச்சை மட்டும் கவனிங்க, போதும்" என்றேன். மனிதர் அதையே பிடித்துக்கொண்டார்.

இப்போது தினமும் விடியற்காலையில் அவர் வீட்டு பால்கனியில் பாயை விரிக்கிறார். ஏதோ ஒரே ஒரு ஆசனம். அப்புறம் ஒரு பழைய யோகப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் பால்கனிக்கும் அவர் பால்கனிக்கும் நடுவே ஒரு மங்கல் கண்ணாடித் தடுப்புதானே? நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆசிரியன் என்ற முறையில் மேற்பார்வை பார்த்தேன். அவ்வளவுதான்.

வாரக்கணக்கில் அதே பக்கம்! என்ன மச்சான் என்று கேட்டால், "இந்தப் பக்கம் இன்னும் என்கிட்ட வேலை வாங்குது மாப்ள. படிக்கிறேன், செஞ்சு பாக்குறேன். இன்னிக்கு எங்க இறுக்கிப் பிடிச்சேன்னு என்னையே கேட்டுக்கிறேன். மறுநாள் திரும்பப் படிச்சா புதுசா இருக்கு" என்கிறார். நான் ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு புத்தகத்தை முடிக்கிறவன். படங்களையாவது.

இதில் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. ஆனால் பேப்பர் போடுகிறவர் அவரைப் பார்த்து, "சார், முகம் பளபளன்னு இருக்கே, என்ன சோப்பு போடுறீங்க?" என்று கேட்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வகுப்புக்கு வரும் தையல்காரம்மா அவரிடம் போய் முதுகுவலிக்கு யோசனை கேட்கிறாள். அவரோ, "மாப்ளயக் கேளும்மா, அவருக்குத்தான் தெரியும்" என்று என்னிடமே திருப்பி அனுப்புகிறார். வயிறு எரிவது அங்கேதான். பெருந்தன்மையாக வேறு இருக்கிறார்!

ஏதோ ரகசியம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். ஒருநாள் தடுப்புக் கண்ணாடியில் அவர் நிழல் தெரிந்தது. ஒரு கை உச்சிக்கு மேலே, தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கால் பின்னால், மணிக்கட்டு மட்டும் மெல்ல ஆடுகிறது. ஆகா, சிக்கியது! அந்த ஞாயிறே 'அரை வான் ஆசனம்' என்று நானே பெயர் சூட்டி வகுப்பில் நடத்தினேன். எல்லோரும் செய்தார்கள். தையல்காரம்மாவுக்கு முதுகுவலி அங்கேயே பறந்துபோனது.

முதல் வரிசையில் எப்போதும் சத்தமாக மூச்சு எண்ணுகிற உன் அத்தை, எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள் பார். "அய்யோ, அண்ணன் பால்கனிக் கதவு கீச்சு கீச்சுங்குதுன்னு கீலுக்கு எண்ணெய் விட்டாருங்க!" மாடியே அதிர்ந்தது. கீழே டயர்கள் உருண்டன.

மறுநாளே அவள் பாய் அண்ணன் பால்கனிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வருவதில்லை. முதல் வரிசை காலி. நானே எண்ணி நானே செய்தால் மூச்சு வாங்குகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அப்பாவைக் கூப்பிட்டுக்கொள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமா, யோகச் சிங்கம்



அன்பு மருமகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. அப்பாவை வரச் சொல்லிவிட்டாய். துணைக்கு அத்தையும் வரட்டும் என்று எழுதிவிட்டாய். உனக்குப் பரந்த மனசு. இவ்வளவு பரந்திருக்க வேண்டாம்.

உன் அத்தை பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துடைக்கிறாள். நான் தனியாக எப்படி இருப்பேன் என்றால், "உங்களுக்கென்ன, சிங்கமாச்சே" என்கிறாள்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. மேற்பார்வைக்காக நான் தினமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். உன் அப்பா வழக்கமாக மனசுக்குள்தான் படிப்பார். ஒருநாள் திடீரென்று வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. புத்தகம் சொல்வது சரியா என்று சோதிக்க, அதன்படி நானும் மூச்சு விட்டுப் பார்த்தேன். நெஞ்சில் ஓரிடத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. புத்தகத்தின் தவறாகத்தான் இருக்கும்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது: "மாப்ள, இன்னிக்கு எங்க இறுக்குச்சு?"

எப்படித் தெரிந்தது என்கிறாயா? எங்கள் பால்கனிக் கதவும் கீச்சிடும், நான் வந்து உட்காருவது தினமும் அங்கே கேட்டிருக்கிறது. கேட்டபிறகு ஆசிரியன் சும்மா இருக்கலாமா? "நெஞ்சுலதான் மச்சான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அங்கதான் ரொம்ப நாளா" என்றார். உன் அத்தை அந்தப் பக்கம் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை.

அன்று முதல் தினமும் இப்படித்தான். நான் இல்லாமல் அவர்களுக்கு ஓடுவதில்லை. என் முகமும் மினுங்குகிறது. பேப்பர்காரர் இன்னும் சோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பார்.

நேற்று உன் அப்பா எண்ணெய்ச் சீசாவோடு வந்து, "உங்க கதவுக்கும் விட்டுடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், சத்தம் இருக்கட்டும் என்றேன்.

ஆகவே மருமகளே, டிக்கெட் போட அவசரப்படாதே. புத்தகத்தில் அந்த ஒரு பக்கம் இன்னும் முடியவில்லை, பாதியில் விட்டால் யோகத்துக்கே ஆகாது. உன் அப்பாவுக்குப் பேத்தியைப் பார்க்கும் ஆசை அடங்காது, கூப்பிட்டே தீர வேண்டும் என்றால், உன் வீட்டு பால்கனியில் மூன்று பாய் விரிக்க இடம் இருக்குமா என்று அளந்து எழுது.

நீங்கள் மூவரும் நீண்ட மூச்சோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா