செல்விக்கு வருஷம் ஒரு ஊசி

ஆடி 2, சனி
சாரல் விடவில்லை. துணி காயவில்லை. கடையத்திலிருந்து செல்வி வந்தாச்சு, கொழுந்தன் பெண்டாட்டி. என் வயசுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாளாம். எனக்கு எலும்பு அடர்த்தி குறைவு, ஞாயிறுதோறும் மாத்திரை. அவளுக்கு ஒரு மாத்திரை கிடையாது என்று இவருக்கு ஒரே பெருமை. கட்டினவள் நானா அவளா?

ஆடி 3, ஞாயிறு
விடிகாலை குற்றாலம். மாத்திரைக்கு விதி: வெறும் வயிறு, தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அவள் முன்னால் சீக்காளியாகத் தெரிய மனசில்லை. லாட்ஜ் பாத்ரூமில் ஒளிந்து ஒரே மடக்கில் முழுங்கினேன். வெளியே வந்தால், எண்ணெய் தேய்க்கச் செல்வி பாய் விரித்திருக்கிறாள். படுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி எரிச்சல். அருவி போச்சு.

நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காதோடு கேட்டாள்: "யக்கா, எலும்பு மாத்திரையா? அதப் போட்டுட்டுப் படுக்கலாமா?"

அவளுக்கும் அதே நோவாம். வருஷம் ஒரு ஊசி, திருநெல்வேலியில், வீட்டில் யாருக்கும் தெரியாமல். சொல்லக் கூடாதென்று சத்தியம் வேறு. வருஷத்துக்கு ஒண்ணு! எனக்கு வாரா வாரம். பற்றிக்கொண்டு வந்தது.

ஆடி 4, திங்கள்
டாக்டருக்குப் போன். அடுத்த மாத்திரை வேண்டாம், நேரில் வா என்றார்.

செல்விக்குக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பும் வாயுமாக அலைகிறாள். நாளை பிடுங்கப் போகிறாளாம், தனியாக. ஊசி விஷயத்தைப் பல் டாக்டரிடம் சொல்ல மாட்டாளாம், ஊருக்குள் பரவிவிடுமாம். இந்த எலும்பு மருந்து எடுப்பவர்களுக்கு, சொல்லாமல் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். என் டாக்டர் முதல் நாளே எச்சரித்தது. சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம் இல்லை, சாப்பாடு முடியும்வரை.

ஆடி 5, செவ்வாய்
கூடவே போனேன். அவள் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஊசி போட்டவரிடம் பேசிவிட்டுத்தான் பிடுங்குவாராம், அதுவரை வலிக்கு மருந்து. ஆட்டோவில் செல்வி தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் இவர், பல் ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்றார். எனக்குத்தான் பல்வலி, அவள் துணைக்கு வந்தாள் என்றேன்.

"ஒனக்கு ஒடம்புல எதுதான் உருப்படியா இருக்கு? அவளப் பாரு."

எனக்குக் கஞ்சி. அவளுக்கு இவரே எடுத்துக் கொடுத்த முறுக்கு. ஒரு பக்கமாகவே மென்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும்.